தரையில் நடந்த யுத்தங்கள்: எச். ஜி. வெல்ஸும் அவரது ஈயச் சிப்பாய்களும்

கிராண்ட்பாஸில் எங்கள் ஒழுங்கையில் நத்தார் வந்தால் கத்தோலிக்க வீடுகள் எல்லாவற்றிலும் பாலன் குடில் எழும்பும். ரிஜிபோமை வெட்டி மலை செய்வார்கள். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டால் புல். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒரு குளம். கடந்த நத்தாருக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சிறுவன் குடிலைக் கழற்ற விட்டானே தவிர மலையை விடவில்லை. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பச்சைநிறப் பிளாஸ்ரிக் சிப்பாய்களை அதன் மேலும் கீழும் நிறுத்தி, சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டு வாயால் ஷெல் அடித்துக்கொண்டிருந்தான். வன்னியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பெரியம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. சிறுவனுக்கு ஒன்றும் விளங்கவும் இல்லை.

அன்றிரவு எனக்கு ஞாபகம் வந்தவர் எச். ஜி. வெல்ஸ். நிலத்தோற்றம் அமைத்து, சிறிய உருவங்களை நகர்த்தி, எழுதிவைத்த விதிகளின்படி யுத்தம் நடத்துவது இன்று பல நாடுகளில் வளர்ந்தவர்களின் பொழுதுபோக்கு. மலை, காடு, இடிந்த வீடு என்று மாதக்கணக்கில் செய்து, ஒவ்வொரு சிப்பாய்க்கும் மெல்லிய தூரிகையால் வர்ணம் பூசுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொழுதுபோக்கின் பூர்வீகத்தைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம், வெல்ஸ் 1913இல் வெளியிட்ட லிட்டில் வோர்ஸ் என்ற சிறு நூல். சின்ன யுத்தங்கள் என்று அர்த்தம். நூல் வெளிவந்து ஒரு வருடத்துக்குள் பெரிய யுத்தம் தொடங்கிவிட்டது. அந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட ஒரு மனிதனின் கதையாகத்தான் அவருடைய வாழ்க்கையை நான் வாசிக்கிறேன்.

ஹேர்பர்ட் ஜோர்ஜ் வெல்ஸ் 1866 செப்டெம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் புரொம்லி என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் ஜோசப் தோட்டக்காரராக இருந்து, பிறகு பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் மட்டைகளும் விற்கும் நட்டக் கடையொன்றை வைத்திருந்தவர். கென்ற் அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். 1862இல் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்த பெயர் அவருக்கு உண்டு. தாய் சாரா பெரிய வீடொன்றில் பணிப்பெண்ணாக இருந்தவர். குடும்பம் கடைக்குக் கீழே, வெளிச்சம் குறைந்த அறைகளில் வாழ்ந்தது.

ஏழு வயதில் கால் முறிந்து வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோதுதான் பையனுக்கு வாசிப்பு பிடித்தது. அந்த முறிவைத் தன் அதிர்ஷ்டம் என்றே பிற்காலத்தில் அவர் கருதினார். வாசிப்போடு இன்னொன்றும் வந்தது. பதின்மூன்று வயது வரைக்கும் புரொம்லியின் வயல்வெளிகளில் தனியாக நடக்கும்போது, தான் ஒரு பெரிய தளபதி என்று கற்பனை செய்வார். இந்த மேட்டில் பீரங்கி, அந்த வேலியோரம் குதிரைப்படை, எதிரி அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டான் என்று மனதுக்குள் ஆயிரமாயிரம் பேரைக் கொன்று குவிப்பார். ஊராருக்குத் தெரிந்ததெல்லாம் நோஞ்சான் பையன் ஒருவன் தனியே போகிறான் என்பது மட்டும். 1934இல் எழுதிய சுயசரிதையில் இதை அவர் மறைக்கவில்லை. ஹிட்லர் என்பது தன்னுடைய பதின்மூன்று வயதுக் கனவுகள் நிஜமாக எழுந்து நடப்பதுதான் என்று அங்கே ஒப்பிட்டிருக்கிறார். தன்னைத்தானே இப்படிப் பார்த்த எழுத்தாளர்கள் குறைவு.

1877இல் தகப்பன் விழுந்து தொடையை முறித்துக்கொள்ள, கிரிக்கெட் வருமானம் நின்றது. தாய் மறுபடியும் வேலைக்குப் போனார். வெல்ஸைப் புடவைக் கடையில் பயிலுனராகச் சேர்த்தார்கள். சவுத்சீ என்ற இடத்தில் 1881 முதல் 1883 வரை நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் நின்று வேலை செய்து, இரவில் மற்றப் பையன்களோடு ஒரே மண்டபத்தில் படுத்தார். நம் புறக்கோட்டைக் கடைகளில் ஊரிலிருந்து வந்து நின்ற பையன்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. ஒருவழியாக அதிலிருந்து தப்பி, பள்ளிக்கூடத்தில் மாணவ ஆசிரியராகி, 1884இல் புலமைப்பரிசில் பெற்று லண்டனுக்குப் போனார். அங்கே உயிரியல் கற்பித்தவர் டார்வினின் பக்கம் நின்று வாதாடிய தோமஸ் ஹக்ஸ்லி. 1887இல் பந்தாட்டத்தில் அடிபட்டுச் சிறுநீரகம் பழுதாகியது, நுரையீரலிலிருந்து இரத்தம் வந்தது. நீண்டகாலம் வாழமாட்டேன் என்று நினைத்தே அவர் எழுதத் தொடங்கினார்.

1895இல் கால இயந்திரம். அடுத்தடுத்து டாக்டர் மோரோவின் தீவு, கண்ணுக்குத் தெரியாத மனிதன். 1898இல் உலகங்களின் யுத்தம். நான்கு வருடங்களில் இவ்வளவும். கடைசியில் சொன்ன நூலில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தரைத்தோற்றத்தின் மேல் யுத்தத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கேயே முழுமையாக இருக்கிறது. அப்போது வெல்ஸ் வோக்கிங் என்ற ஊரில் குடியிருந்தார். சைக்கிள் ஓட்டப் பழகியிருந்த காலம். ஊரைச் சுற்றி ஓடி, செவ்வாய்க்கிரகத்தார் எங்கே இறங்குவார்கள், எந்தத் தேவாலயக் கோபுரம் சரியும், எந்த வீதியால் சனம் ஓடும் என்று இடம் இடமாகத் தெரிந்தெடுத்தார். நூலில் வரும் வெளிகளும் பாலங்களும் உண்மையானவை.

ஆங்கிலேயர் தஸ்மேனியாவின் பூர்வகுடிகளுக்குச் செய்ததை நூலின் தொடக்கத்திலேயே நினைவூட்டிவிட்டுத்தான் லண்டனை அழிக்கத் தொடங்குகிறார். நாங்கள் மற்றவர்களுக்குச் செய்ததை எங்களுக்கு யாராவது செய்தால் எப்படி இருக்கும் என்பதே அவருடைய கேள்வி. லண்டன் மக்கள் வடக்கு நோக்கி ஓடும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. வண்டிகள், தள்ளுவண்டிகள், நடக்க முடியாதவர்கள், தண்ணீருக்குத் தவிப்பவர்கள், ஒரே வீதியில் பல இலட்சம் பேர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் நோக்கி நகர்ந்தவர்கள் அந்தப் பக்கங்களை விஞ்ஞானக் கதையாக வாசிக்க முடியாது. தற்செயல் ஒன்று: அந்த நாவலைச் செய்தி அறிவிப்புப் போல அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பி, கேட்டவர்களில் சிலரை உண்மையிலேயே பயப்படுத்தியதும் ஒரு ஒக்டோபர் 30இல்தான், 1938இல்.

பணம் வந்தது. இரண்டாவது மனைவியோடு கடற்கரை ஊரான சாண்ட்கேற்றில் வீடு கட்டினார். அந்த மனைவியின் சொந்தப் பெயர் ஏமி கத்தரின், வெல்ஸ் அவரை ஜேன் என்று கூப்பிட்டார். 1901இலும் 1903இலும் இரு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள், ஜிப், ஃபிராங்க். வெல்ஸ் நல்ல கணவராக இருக்கவில்லை. வேறு பெண்களோடு உறவுகளும் பிள்ளைகளும் இருந்தன, ஜேனுக்கு அவை தெரிந்தும் இருந்தன. ஆனால் பிள்ளைகளோடு தரையில் படுத்து விளையாடிய தகப்பன் என்பதில் சந்தேகமில்லை. அந்தக் காலத்து நடுத்தர வர்க்க ஆங்கிலத் தகப்பன்மாரிடம் அது பெரிதாகக் காணக்கூடிய விடயமும் அல்ல.

அந்த விளையாட்டுக்களைப் பற்றி 1911இல் ஃபுளோர் கேம்ஸ் என்ற நூலை எழுதினார். மரக்கட்டைகளாலும் பலகைகளாலும் தீவுகள், நகரங்கள், ரயில்பாதைகள் அமைப்பதே அதன் விடயம். அதில் ஒரு முறைப்பாடு வருகிறது. விளையாட்டுப் பொருட் கடைகளில் சிப்பாய்கள் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறார்கள், ஆனால் நகரத்தில் குடிவைக்கச் சாதாரண சனத்தின் உருவங்கள் கிடைப்பதே இல்லை என்று குறைப்படுகிறார். வியாபாரிகளைக் கொஞ்சம் திட்டியும் இருக்கிறார்.

இதை எங்கள் வீட்டுச் சிறுவனிடம் சொன்னேன். அடுத்த நாள் குடிலுக்குரிய பெட்டி திறக்கப்பட்டு, இடையர்கள் இரண்டு பேரும் ஒரு கால் உடைந்த ஆடும் ரிஜிபோம் மலையடிவாரத்தில் நின்றார்கள். மாலையில் பார்த்தால் அவர்கள் அங்கே இல்லை. பெரியம்மா அவர்களை எடுத்து மலைக்குப் பின்பக்கம், சுவரோரமாக வைத்திருந்தார்.

லிட்டில் வோர்ஸ் எப்படிப் பிறந்தது என்பதை வெல்ஸே பகிடியாகச் சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றிடமாக வார்த்த ஈயச் சிப்பாய்களை 1893 முதல் மலிவாக விற்றுவந்தது. அத்தோடு ஒரு சிறிய பொம்மைப் பீரங்கி. உள்ளே சுருள்வில், மரக்குச்சி ஒன்றை வைத்துச் சுட்டால் சில யார் தூரத்திலிருக்கும் சிப்பாயைக் குறிபார்த்து விழுத்தலாம். சாண்ட்கேற் வீட்டில் ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் ஒருவர் தரையில் உட்கார்ந்து இந்தப் பீரங்கியால் சிப்பாய்களைச் சுடத் தொடங்க, வெல்ஸும் சேர்ந்துகொண்டார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அந்த நண்பர் என்பது பொதுவான முடிவு. அவருக்கு முன்னரே ஸ்டீவன்சன் தன் வளர்ப்பு மகனோடு சுவிற்சர்லாந்தில் இதேபோன்ற விளையாட்டொன்றை ஆடியிருக்கிறார். ஆனால் வெல்ஸ்தான் விதிகளை ஒழுங்காக எழுதிப் புத்தகமாக்கினார்.

விதிகள் எளிமையானவை. அறையின் தரையில் நாடொன்று அமைக்கப்படும். மரக்கட்டைகளால் வீடும் தேவாலயமும். தோட்டத்தில் ஒடித்த இலையுதிராத மரக்கிளைகளைப் பலகைத் துளைகளில் குத்தினால் காடு. சோக்கால் கீறினால் ஆறு. பிறகு நடுவில் ஒரு திரை. இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்காமல் படைகளை நிறுத்துவார்கள். திரை விலகியதும் யுத்தம். காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரைப்படை இரண்டு அடி. அளப்பதற்கு நூல் துண்டுகள். பீரங்கியை நகர்த்தவோ சுடவோ அதன் பக்கத்தில் நான்கு சிப்பாய்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நேரக் கணக்கு உண்டு. யோசித்துக்கொண்டு நிற்க முடியாது, தவறு செய்யத்தான் வேண்டும். படைகள் கைகலந்தால் ஆளுக்கு ஆள் சரிசமமாகச் சாவு. எண்ணிக்கையில் குறைந்து தனித்துப்போன பகுதி கைதியாகும், கைதிகளைப் பின்னுக்குக் கொண்டுபோக ஆட்களை ஒதுக்கவும் வேண்டும். தாயக்கட்டை உருட்டல் இல்லை. மரக்குச்சி உண்மையிலேயே விழுத்தினால்தான் ஆள் செத்தவன்.

நிலத்தின் அமைப்பே பாதி யுத்தத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த விளையாட்டு ஆடுபவன் முதல் நாளிலேயே கண்டுபிடிப்பான். கிராண்ட்பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கடவை என்பதுதான் பெயரின் பொருள், களனி கங்கையைக் கடந்து கொழும்புக்குள் வரும் இடம். 1796 பெப்ரவரியில் நீர்கொழும்பிலிருந்து வந்த பிரித்தானியப் படை இந்தப் பக்கத்தால்தான் ஆற்றைக் கடந்தது. அதில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஒல்லாந்தர் தரப்பில் ரேமண்ட் என்ற பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில் மலாய் வீரர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள். ரேமண்ட் வீழ்ந்தார், அதே மாத நடுப்பகுதியில் கொழும்பும் கைமாறியது. ஒரு நீலத் துணியை ஆறாக விரித்து, இக்கரையில் தென்னஞ்சோலையை நிறுத்தினால் வெல்ஸின் விதிகளில் ஒரு மாலைக்குள் ஆடி முடிக்கலாம். இன்று நாகலகம் வீதியில் அந்த ஆற்றின் நீர்மட்டத்தை அளப்பது வெள்ளத்துக்காக மட்டும். தோட்ட வீடுகளில் இருக்கும் சனத்துக்கு இப்போதைய எதிரி அதுதான்.

நூலுக்குப் படங்கள் எடுத்தவர் ஜேன். ஹூக்கின் பண்ணைச் சண்டை என்ற கற்பனைப் போரை வெல்ஸ் ஒரு தளபதியின் அறிக்கை போல விபரிக்க, அதன் கட்டம் கட்டமான புகைப்படங்கள் வருகின்றன. வளர்ந்த மனிதர்கள் முழந்தாளில் தவழ்ந்து குனிந்து குறிபார்ப்பது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்தச் சிரிப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

ஏனென்றால் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் அவர் திடீரென்று தொனியை மாற்றுகிறார். மூன்று நான்கு தடவை இந்தச் சின்ன யுத்தத்தை ஆடிப்பார்த்தாலே பெரிய யுத்தம் எவ்வளவு குளறுபடியானது என்பது விளங்கிவிடும் என்பது அவரது வாதம். தன்னோடு ஆடவந்த இராணுவ அதிகாரிகள் கூட விளையாட்டின் அடிப்படை விதிகளிலேயே குழம்பித் திணறினார்கள் என்று சொல்கிறார். நூறு ஈயச் சிப்பாய்களையே ஒழுங்காக நடத்தத் தெரியாதவர்கள் இலட்சம் மனிதரை எப்படி நடத்துவார்கள்? யுத்தம் வேண்டும் என்று துடிக்கும் அரசர்களையும் தேசபக்தர்களையும் ஓர் அறைக்குள் பூட்டி, வேண்டிய அளவு பொம்மைச் சிப்பாய்களையும் கொடுத்து, அங்கேயே அடிபட விடலாம் என்பது அவருடைய யோசனை. உடைந்த உடல்களோ எரிந்த வீடுகளோ அங்கே இல்லை. நான் கூட்டிச் சொல்வது ஒன்றுதான்: அவருடைய தரையில் வீடுகள் எரியாததற்கு இன்னொரு காரணம், அவற்றுக்குள் யாரும் குடியிருக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் சனத்தின் உருவங்களைத் தேடித் திரிந்த மனிதர் யுத்த விளையாட்டுக்கு வந்தபோது அவற்றைக் கேட்கவே இல்லை.

இராணுவங்கள் இதை வேறு விதமாக ஆடின. பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி றைஸ்விற்ஸ் 1824இல் வரைபடத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்தி, தாயக்கட்டையும் நடுவரும் வைத்து ஆடும் கிரீக்ஸ்பீல் என்ற பயிற்சியைக் கொடுத்தார். 1870–71 யுத்தத்தில் பிரான்ஸ் தோற்றபின் மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின. அங்கே நோக்கம் பெரிய யுத்தத்தை நிறுத்துவதல்ல, வெல்வது. எங்கள் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கிய யப்பானிய விமானங்கள் வந்த கப்பல்களில் ஒன்று அகாகி. அடுத்த மாதம் மிட்வே தாக்குதலுக்கு யப்பானியத் தளபதிகள் மேசையில் ஒத்திகை பார்த்தபோது, தாயக்கட்டை அகாகி மூழ்கியதாகக் காட்டியது. தலைமை நடுவராக இருந்த அட்மிரல் உகாகி குண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து அதைக் காப்பாற்றினார். யூன் மாதத்தில் அகாகி உண்மையிலேயே மூழ்கியது.

1914 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரித்தானியா யுத்தத்தில் இறங்கிய அதே நாளில் வெல்ஸுக்கும் எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ற்றுக்கும் அன்ரனி என்ற மகன் பிறந்தான். பொம்மைகளைப் பூட்டிய அறைக்குள் யுத்தத்தை அடைக்கச் சொன்ன மனிதர் அடுத்த சில நாட்களில் என்ன செய்தார்? யுத்தத்தை ஆதரித்தார். ஜேர்மன் இராணுவவாதத்தை ஒழித்தால் இனி யுத்தமே வராது என்று கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். அவை யுத்தத்தை முடித்துவைக்கும் யுத்தம் என்ற பொருள்படும் தலைப்பில் நூலாகின. அந்தச் சொற்றொடர் அரசியல்வாதிகளின் வாயில் போய்ச் சேர்ந்து, பிறகு கசப்பான பகிடியாக மாறியது. இதுதான் கடைசிச் சண்டை, இதோடு எல்லாம் முடியும் என்ற வாக்குறுதியை எங்கள் சனம் எத்தனை தரப்பிடமிருந்து கேட்டிருக்கிறது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

வெல்ஸின் பிள்ளைகள் அப்போது பதின்மூன்றும் பத்தும் வயதுடையவர்கள். யுத்தம் அவர்களைக் கூப்பிடவில்லை. 1913இல் அந்தப் புத்தகத்தை வாங்கிய பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைக் கூப்பிட்டது. 1916இல் இத்தாலி, பிரெஞ்சு போர்முனைகளை நேரில் பார்த்தார். அதே வருடம் வந்த நாவலில் பிரிற்லிங் என்ற எழுத்தாளர் தன் மகனைப் போரில் இழக்கிறார். கதையின் முடிவில் அந்தத் தகப்பன், இறந்துபோன ஜேர்மன் இளைஞன் ஒருவனின் பெற்றோருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, முடிக்க முடியாமல் இரவு முழுவதும் திணறுகிறார். பலரால் வாசிக்கப்பட்ட நாவல் அது. எதிர்த்தரப்பின் தாயும் தகப்பனும் அழுவார்கள் என்பதை யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியதற்காக நான் அவருடைய 1914 கட்டுரைகளை மன்னிப்பேன். முழுவதும் அல்ல.

மன்னிக்கக் கஷ்டமான இன்னொன்றும் இருக்கிறது. 1901இல் வெளியான அன்ரிசிபேஷன்ஸ் என்ற நூலில், எதிர்கால உலகில் திறமையற்றவை என்று கருதும் நிறமுள்ள இனங்கள் இல்லாமற் போகவேண்டியவையே என்ற தோரணையில் எழுதினார். தஸ்மேனியருக்காக இரங்கி மூன்றே வருடங்களில். பிற்காலத்தில் இன மேன்மை என்ற கருத்தையே அவர் தாக்கி எழுதினார் என்பது உண்மை. முதலில் எழுதியதும் உண்மை.

யுத்தத்துக்குள்ளேயே சர்வதேசச் சங்கம் என்ற எண்ணத்துக்காக வேலை செய்தவர்களில் வெல்ஸும் ஒருவர். அதே நோக்கத்துக்காக எழுதிய இன்னொருவரைக் கச்சேரிக் கதைகளில் நாம் அறிவோம்: லெனாட் வூல்ஃப். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். 1938இல் இலங்கைக்குச் சுவிற்சர்லாந்து மாதிரியான சமஷ்டி அமைப்பைப் பரிசீலிக்கும்படி தொழிற்கட்சிக்கு எழுதியவரும் அவரே.

பள்ளிக்கூடங்கள் அரசர்களின் வெற்றிகளைக் கற்பிப்பதால்தான் அடுத்த யுத்தம் வருகிறது என்று வெல்ஸ் நம்பினார். ஆகவே உயிர் தோன்றியதிலிருந்து தொடங்கி மனிதகுலம் முழுவதுக்குமான ஒரு வரலாற்றை எழுதினார். 1919–20இல் பகுதி பகுதியாக வந்த அந்த நூல் இருபது இலட்சத்துக்கு மேல் விற்றது. அலெக்சாந்தரையும் நெப்போலியனையும் கடிந்துகொள்ளும் அந்த நூல், அசோகனை மற்ற எல்லா அரசர்களுக்கும் மேலே வைக்கிறது. காரணம், வென்ற பிறகு யுத்தத்தைக் கைவிட்டவன் அவன் ஒருவனே. தோற்றவன் சமாதானம் பேசுவது அதிசயமல்ல. வென்றவன் வெற்றியைப் பார்த்து வெட்கப்பட்டதைத்தான் வெல்ஸ் கவனித்தார். அசோகனின் பெயரை அடிக்கடி உச்சரிக்கும் இந்த நாட்டில் அந்தப் பகுதியை யாராவது மொழிபெயர்த்துப் பாடப்புத்தகத்தில் வைக்கலாம்.

பிறகு அவர் உலகப் பிரமுகராகிவிட்டார். 1920இல் லெனினையும் 1934இல் ஸ்டாலினையும் சந்தித்தார். ஸ்டாலினைப் பற்றி அவர் கொண்ட நல்லெண்ணம் தவறென்று காலம் காட்டியது. 1927இல் ஜேன் புற்றுநோயால் இறந்தார். 1933 மே மாதத்தில் பேர்லினில் எரிக்கப்பட்ட நூல்களில் வெல்ஸினுடையவையும் இருந்தன. சர்வதேச பென் அமைப்பின் தலைவராக அவர் இருந்தபோதுதான் நாஜிகளின் பிடிக்குள் போன ஜேர்மன் கிளை அதிலிருந்து வெளியேறியது. பிரித்தானியாவைப் பிடித்தால் கைது செய்ய வேண்டியவர்களின் நாஜிப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

1939இல் மறுபடி யுத்தம். வெல்ஸுக்கு எழுபத்துமூன்று வயது, நீரிழிவு. இம்முறை அவர் கேட்ட கேள்வி வேறு: எதற்காகச் சண்டை என்று முதலில் எழுதி வையுங்கள். ஒக்டோபரில் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கிய விவாதம், சாங்கி பிரபுவின் தலைமையில் ஒரு குழுவாகி, 1940இல் மனிதரின் உரிமைகள் பற்றிய பிரகடனமாக வெளிவந்தது. வெல்ஸ் அதைப் பெங்குவின் வெளியீடாக மலிவு விலையில் சனத்திடம் கொண்டுபோனார். அதன் வாசகங்கள் எங்களுக்கு அந்நியமானவை அல்ல. குற்றச்சாட்டு இல்லாமல் ஒருவரை நாட்கணக்கில் அடைத்துவைக்கக் கூடாது. பகிரங்க விசாரணை இல்லாமல் மூன்று மாதங்களுக்கு மேல் சிறையில் வைக்கக் கூடாது. ஒருவரைப் பற்றி இரகசியக் கோவை இருந்தால் அதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. சித்திரவதை கூடாது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச்சட்டம் விசாரணையின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடங்கொடுத்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சிறிய நூலைப் புரட்டினால், யுத்தகாலக் கிழவர் ஒருவர் வேறு எந்த நாட்டையோ மனதில் வைத்து எழுதினார் என்று நம்பக் கடினம்.

பிரகடனத்தை உலகத் தலைவர்களுக்கும் அனுப்பினார். காந்தி இணங்கவில்லை. உரிமைகளின் பட்டியலுக்குப் பதிலாகக் கடமைகளின் பட்டியலில் தொடங்கும்படி பதில் அனுப்பினார். இது ஒரு நல்ல வாதம்தான். ஆனால் தடுப்பு முகாமின் உள்ளே இருப்பவனிடம் கடமையைப் பற்றிப் பேச முடியாது என்பதால் இந்த ஒரு விடயத்தில் நான் வெல்ஸின் பக்கம்.

லண்டன் மீது குண்டு விழுந்த காலம் முழுவதும் அவர் றீஜென்ற் பூங்காவின் அருகிலுள்ள வீட்டை விட்டுப் போகவில்லை. ஆகாயத்திலிருந்து நகரங்கள் அழிக்கப்படும் என்று 1908இலேயே நாவல் எழுதியவர் அவர். தாங்கிகளை 1903இல் சிறுகதையில் ஓடவிட்டார். அணுகுண்டு என்ற பெயரையே 1914இல் ஒரு நாவலில் வைத்தார். அந்த நாவலை 1932இல் வாசித்த லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர்தான் அடுத்த வருடம் அணுச் சங்கிலி வினை பற்றிய யோசனையை முன்வைத்தார். ஹிரோஷிமாவின் செய்தி வந்தபோது வெல்ஸ் உயிரோடு இருந்தார். அவ்வாண்டு வெளியான அவருடைய கடைசி நூல்களில் ஒன்று நம்பிக்கை முழுவதையும் இழந்த மனிதரின் குரலில் இருக்கிறது.

1946 ஓகஸ்ட் 13ஆம் திகதி அந்த வீட்டிலேயே இறந்தார். ஐக்கிய நாடுகள் சபையில் மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை ஆயத்தம் செய்த கனேடியரான ஜோன் ஹம்ப்ரி, தனக்கு முன்னால் வைத்திருந்த பழைய வரைவுகளில் வெல்ஸினுடையதும் ஒன்று. அது 1948 டிசம்பர் 10ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. சாண்ட்கேற் தரையில் தகப்பனோடு சிப்பாய் நகர்த்திய ஜிப் விலங்கியல் பேராசிரியராகி, கடற்கரைச் சேற்றில் வாழும் புழுக்களை ஆராய்வதில் பெரும்பகுதி வாழ்க்கையைக் கழித்தார். தகப்பனின் சாம்பலை ஆங்கிலக் கால்வாயில் தூவியவர்கள் அவருடைய பிள்ளைகள்.